கிறீமை விக்கிறவர் வெயிலைச் சொல்ல மாட்டார்

அக்கரைப்பற்றிலிருந்து மருதமுனை வரைக்கும் மெயின் வீதியால போய்ப் பாருங்க. பாமசி எத்தனை, பென்சிக் கடை எத்தனை என்று எண்ணி முடிக்க ஏலாது. ரெண்டிலயும் முகத்துக்குப் பூசுற டியூப் கிடைக்கும். "இதைப் பூசினா வெயிலைக் கவனிங்க" என்ற ஒரு வசனம் மட்டும் கிடைக்காது.

இதை மறதி என்று நாங்கள் நம்பத் தயாரில்லை. வெயிலைச் சொன்னால் வாங்க வந்தவர் ஒரு நிமிடம் யோசிப்பார். யோசித்தால் வைத்துவிட்டும் போவார். அதனால்தான் இந்த மௌனம்.

முகப்பருவுக்குக் கொடுக்கிற ட்ரெட்டினோயின் தோலின் மேல்படையை மெல்லிதாக்கும். அதனால் வெயில் சுருக்கெனச் சுடும். மருந்தும் வெளிச்சத்தில் சிதையும். இரவில் பூசச் சொல்வது இதனால்தான். பருவுக்கே கொடுக்கிற டொக்சிசைக்ளின் குளிசை வேறு வழியால் வேலை செய்கிறது. அது உடம்பில் இருக்கும்போது யு.வி.ஏ. கதிர் பட்டால் தோல் வெந்தது போல சிவக்கும். யு.வி.ஏ. கண்ணாடிக்குள்ளாலும் வரும். பஸ் யன்னலோரம் இருந்து கெம்பஸுக்குப் போகிறவர்களும் இதைத் தெரிந்திருக்க வேணும்.

இவை நல்ல மருந்துகள். டொக்டர் பார்த்துத் தந்தால் பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் சண்டை மற்றப் பக்கத்தோடு: பெயர் ஒட்டாத டப்பாவில் வருகிற "வெள்ளையாக்கும்" கலவையோடு, பெட்டாமெதசோன் மாதிரி ஸ்டீரொயிட் களிம்பைத் தினமும் பூசச் சொல்கிற அறிவுரையோடு. ஸ்டீரொயிட் முதல் ரெண்டு கிழமை முகத்தைப் பளபளப்பாக்கும். பிறகு தோல் மெலியும், நரம்பு தெரியும், பரு கிளம்பும், வெயில் பட்டாலே எரியும். நிப்பாட்டினால் இன்னும் சிவக்கும். அதற்குப் பயந்து திரும்பவும் பூசுவார்கள். கடைக்காரருக்கு நிரந்தர வாடிக்கையாளர் உருவாகிறது இப்படித்தான்.

பாதரசம் கலந்த கிறீம் இன்னும் மோசம். அது மெலனின் உண்டாவதைத் தடுக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாதரசம் சேர்த்த அழகுசாதனங்களை 2025-க்குள் முழுதாக ஒழிப்பதென்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் முடிவெடுத்தன. மெலனின் என்பது அல்லாஹ் தோலுக்குள்ளேயே விரித்துத் தந்த குடை. காசு கொடுத்து அந்தக் குடையை மடக்கிவிட்டு, ஏழு பாகை அகலாங்கில் நடுப்பகல் வெயிலுக்குள் இறங்குகிறோம். ஏப்ரலிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் நிற்கிற ஊர் இது.

ஏன் மடக்குகிறோம்? "வெள்ளப் புள்ளதான் வேணும்" என்று மாப்பிள்ளை வீட்டு மாமிமார் கேட்பதால். 1975-இல் வந்த 'ஃபெயார் அண்ட் லவ்லி' 2020-இல் பெயரை மாத்தியது. எங்கள் கலியாணப் பேச்சு இன்னும் மாறவில்லை. கலியாணத்துக்கு முதல் பரு போக வேணுமென்று ஐசோட்ரெட்டினோயின் குளிசையைத் துண்டில்லாமல் வாங்குகிறவர்களும் உண்டு. அதைக் குடிக்கும் காலத்திலும், நிப்பாட்டி ஒரு மாதம் வரைக்கும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. பிள்ளைக்குப் பாரதூரமான குறைபாடு வரலாம். புதுப் பொண்ணுக்கு இதை யார் சொல்வது?

வட்டைக்கு வாருங்கள். 2008-இல் இந்த நாட்டில் 7,000 பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் பதிவானது. ஆபத்துள்ள விவசாயிகளுக்குக் கிழமைக்கு ஒருக்கா 200 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் கொடுக்கப்படுவது உயிர் காக்கிற வேலை. கட்டாயம் குடிக்க வேணும். ஆனால் குடிக்கிறவர் நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவர். முழுக்கை சேட்டும் தொப்பியும் போடச் சொல்லாவிட்டால், கை எரிந்ததும் "குளிசை ஒத்துவரல்ல" என்று விட்டுவிடுவார். வெயிலைச் சொல்லாதது அங்கே உயிருக்கே ஆபத்தாகலாம்.

"எங்கட கறுத்தத் தோலுக்கு வெயில் ஒண்டும் செய்யாது" என்பார்கள். தோல் புற்றுநோயில் அந்தப் பாதுகாப்பு ஓரளவு உண்மை. மருந்தால் வருகிற எரிவுக்கும், அது ஆறின பிறகு விழுகிற கரும்படைக்கும் பொருந்தாது. கரும்படை எங்கட நிறத்துக்குத்தான் கூட. "நாங்க மூடித்தானே போறம்" என்பார்கள். அபாயாவுக்கு வெளியே இருப்பது முகமும் கையும். கிறீம் பூசுவதும் அங்கேதான்.

காலை பத்திலிருந்து பின்னேரம் மூன்று வரை நிழல். குடை, அகலத் தொப்பி. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிறீன், முகத்துக்கும் கழுத்துக்கும் ரெண்டு விரல் நீளம், வெளியே நின்றால் ரெண்டு மணிக்கொருக்கா. சன்ஸ்கிறீன் விலை கூலி வீட்டுக்கு எட்டாது என்பது எங்களுக்கும் தெரியும். குடைக்கும் நிழலுக்கும் அந்த விலை இல்லை.

நாங்கள் கேட்பது பெரிய காரியமில்லை. 1987-இலேயே 13-ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. இன்றும் மருந்துப் பெட்டிக்குள் மடிந்திருக்கிற தாள் ஆங்கிலத்தில். மருந்து கட்டிக் கொடுக்கிற உறையில் "ஒரு நாளைக்கு ரெண்டு தரம்" என்று எழுதுகிற கைக்கு, "வெயில் கவனம்" என்று எழுத ரெண்டு சொல் போதும். எழுதுங்கள். துண்டில்லாமல் ஸ்டீரொயிட் விக்காதீங்க. பெயரில்லாத டப்பாவைத் தட்டிலிருந்து எடுங்க.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை டியூபைக் கையில் வாங்கினதும் கேளுங்கள்: "இதுக்கு வெயில் ஆகுமா?" பதில் வரும் வரைக்கும் காசைக் கையிலேயே வைத்திருங்கள்.