களைக்கொல்லியில் கலக்கும் கொழுப்பு அமீன்: மீன்களுக்கான நச்சுச் சோதனை குறித்த கோரிக்கை மனு

பெறுநர்: செயலாளர், மத்திய பூச்சிக்கொல்லி வாரியம் மற்றும் பதிவுக் குழு, ஃபரிதாபாத்.

நகல்: மீன்வளத் துறை ஆணையர், தமிழ்நாடு அரசு.

பொருள்: கிளைபோசேட் களைக்கொல்லிகளில் சேர்க்கப்படும் டேலோ அமீன் எத்தாக்சிலேட் (கொழுப்பு அமீன்) மீன்களுக்கு உடனடி நஞ்சா என்பதை மதிப்பிட்டு, முடிவை வெளியிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

களைக்கொல்லி உட்படப் பூச்சிமருந்துப் புட்டி ஒவ்வொன்றிலும் சாய்சதுர முத்திரை ஒன்று இருக்கிறது. அதன் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று மாறும். 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்லும் இந்த நிறத்தை முடிவு செய்வது, வாய் வழியாகவோ தோல் வழியாகவோ எவ்வளவு மருந்து போனால் சோதனை விலங்குகளில் பாதி சாகும் என்ற அளவு. மீன் இந்தக் கணக்கில் வராது. பச்சை முத்திரையைப் பார்த்து ‘வீரியம் குறைந்த மருந்து’ என்று நம்பும் கூலித் தொழிலாளி தெளிப்பானை ஓடையிலேயே கழுவுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

களைக்கொல்லி தெளிக்கப்படும் நீலகிரித் தேயிலைச் சரிவுகளின் மழைநீர் பவானியிலும் மோயாற்றிலும் இறங்கி பவானிசாகர் நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. அங்கே பரிசலில் போய் வலை வீசும் மீனவர்களின் சங்கம்தான் இம்மனுவை அளிக்கிறது. மீன் செத்து மிதந்தது என்ற புகாரோடு சங்கம் வரவில்லை. சோதனையின் முடிவைக் கண்ணில் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறது.

கிளைபோசேட் தண்ணீரில் எளிதில் கரையும். ஆனால் மெழுகு பூசிய இலைக்குள் தானாக நுழையாது. அதை ஒட்டவைத்து உள்ளே தள்ள ஒரு பரப்பு இயங்குபொருள் வேண்டும். கால்நடைக் கொழுப்பை உருக்கி எடுக்கும் கொழுப்பு அமிலங்களை அமீனாக்கி, எத்திலீன் ஆக்சைடு சேர்த்துச் செய்யும் டேலோ அமீன் எத்தாக்சிலேட் அதற்கென்றே பல காலமாகப் பயன்பட்டது. ரவுண்டப் என்ற கிளைபோசேட் களைக்கொல்லியின் பழைய கலவையில் இது ஏறத்தாழ 15 சதவீதம். இலையின் மெழுகைத் தாண்ட உதவும் அதே குணம்தான் மீனின் செவுள் சவ்வையும் சிதைக்கிறது.

இது புதிய செய்தி அல்ல. அமெரிக்காவில் ஃபோல்மர், சாண்டர்ஸ், ஜூலின் ஆகியோர் 1979இல் வெளியிட்ட ஆய்வில், வானவில் டிரவுட் மீன்களில் பாதி 96 மணி நேரத்தில் சாவதற்குத் தூய கிளைபோசேட் லிட்டருக்கு 140 மில்லிகிராம் தேவைப்பட்டது. ரவுண்டப் கலவை 8.3 மில்லிகிராமிலேயே அதைச் செய்தது. கொழுப்பு அமீன் மட்டும் தனியாக இருந்தபோது 2 மில்லிகிராம் போதுமானதாக இருந்தது. களையைக் கொல்லும் பொருளைவிட, ‘துணைப்பொருள்’ என்று ஓரமாக எழுதப்படுவது மீனுக்கு எழுபது மடங்கு கொடியது! வெள்ளையர் காலத்தில் நீலகிரிக்குக் கொண்டுவந்து, அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து வளர்த்த டிரவுட்டும் இதே இனம்தான்.

இந்த அமீன் மண்ணிலும் சேற்றிலும் பலமாக ஒட்டிக்கொள்ளும். ஓடும் நீரில் கரைசல் நீர்த்தும் போகும். கம்பெனிகள் சொல்லும் இந்த நியாயத்தைச் சங்கம் மறுக்கவில்லை. ஆனால் அதே ஒட்டும் குணத்தால் சோதனைத் தொட்டியின் கண்ணாடியிலும் அது படியும். அப்போது ஊற்றிய அளவு ஒன்று, மீனைத் தொட்ட அளவு வேறொன்று. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் (ஓ.இ.சி.டி.) 203ஆம் சோதனை வழிகாட்டி, செறிவு 20 சதவீதத்துக்கு மேல் விலகினால் அளந்து பார்த்த அளவை வைத்தே முடிவு சொல்லச் சொல்கிறது. ஆகவே பதிவுக் கோப்புகளில் உள்ள மீன் சோதனைகள் அளந்த செறிவில் செய்யப்பட்டவையா என்று வாரியம் சரிபார்க்க வேண்டும். நீரின் கார அமில நிலையையும் பார்க்க வேண்டும்; காரத்தன்மை கூடக்கூட இந்த அமீனின் நச்சும் கூடுகிறது. குளிர்நீர் டிரவுட்டுக்குக் கிடைத்த எண், வெப்பமான நீர்த்தேக்கத்தில் வாழும் ரோகு, கட்லாவுக்கு அப்படியே பொருந்திவிடாது.

இதற்காக மீண்டும் தொட்டி தொட்டியாக மீன்களைக் கொல்லச் சங்கம் சொல்லவில்லை. கையிலுள்ள தரவை முதலில் திரட்டலாம். இடைவெளி இருந்தால் 2013இல் ஏற்கப்பட்ட மீன் கரு சோதனையும் (வழிகாட்டி 236), 2021இல் ஏற்கப்பட்ட டிரவுட் செவுள் செல் சோதனையும் (வழிகாட்டி 249) இருக்கின்றன. முழு மீன் சோதனை கடைசி வழியாக இருக்கட்டும்.

பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 9(4) பிரிவு, ஒருவர் பதிவு செய்த மருந்தை மற்றவரும் அதே நிபந்தனைகளில் பதிவு செய்ய இடம் தருகிறது. கிளைபோசேட் ஒன்றாக இருக்கலாம். கூடச் சேரும் அமீனும் ஒன்றுதானா? துணைப்பொருளின் பெயர், அளவு, மீன் மீதான நச்சு மூன்றையும் ஒவ்வொரு தயாரிப்புக்கும் வாரியத்தின் இணையதளத்தில் வெளியிட வேண்டும். மீன் நச்சுக்குத் தனிக் குறியீடு முத்திரைக்கு அருகிலேயே, எழுத்துத் தெரியாதவரும் அறியும் படமாக வர வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2016 ஆகஸ்டில் கிளைபோசேட் மருந்துகளில் இந்த அமீனைச் சேர்க்கத் தடை விதித்தது. அதற்கு முன்னின்ற காரணம் மனித உடல்நலக் கவலை. இந்தியாவில் 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசின் அறிவிக்கை கிளைபோசேட்டை யார் தெளிக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தியது. துணைப்பொருளைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. அமீனை விலக்கி மாற்றுப்பொருள் சேர்க்கும் கம்பெனிகளிடமும் அதே மீன் சோதனை முடிவைக் கேட்க வேண்டும்.

நீலகிரி, ஈரோடு மாவட்டங்களில் விற்கப்படும் கிளைபோசேட் தயாரிப்புகளில் எவற்றில் டேலோ அமீன் உள்ளது என்ற பட்டியலை, எழுத்துமூலப் பதிலோடு சங்கத்துக்கு அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்