கேட்பவர் கடனும் சொல்பவர் கடனும்

1975இல் விற்பனைக்கு வந்த ஆல்டேர் 8800 கணினி, மின்சாரம் கொடுத்தவுடன் தானாக இயங்கத் தொடங்காது. காகித நாடாவிலுள்ள பேசிக் மொழியை ஏற்ற வேண்டுமானால், நாடாவைப் படிக்கும் சிறு நிரலை முன்பலகைச் சுவிட்சுகள் வழியே பைட் பைட்டாகப் பயனரே உள்ளிட வேண்டும். ஒரு சுவிட்சு மாறினாலும் முயற்சி வீண்.

இத்தகைய பொறியை இன்று இயக்க முயலும் ஒருவர் "ஓடவில்லை" என்று மட்டும் சொன்னால் எவராலும் உதவ இயலாது. உரையாடலுக்குத் தேவையான அளவு தகவல் தரவேண்டும் என்பது மொழி மெய்யியலாளர் பால் கிரைஸ் வகுத்த நெறிகளுள் ஒன்று. பொறியின் மாதிரி, நினைவகத்தின் அளவு, இதுவரை செய்துபார்த்தவை ஆகியவற்றைக் கூறுவது கேட்பவர் கடன்.

ஆயினும், "கையேட்டைப் படி" என்று முகத்திலடித்தாற்போல் விடையளிப்பது அதனினும் பெரிய பிழை. கையேடு புதிய பொறிக்கென எழுதப்பட்டது. அரை நூற்றாண்டில் அழுக்கேறிய சுவிட்சும் வலுவிழந்த மின்தேக்கியும் அதில் இடம்பெறா. அவற்றைக் கையால் அறிந்தவர்கள் முதுமை எய்திவிட்டனர். ஏளனத்துக்கு அஞ்சி இளையோர் விலகினால் அவ்வறிவு அவர்களோடு முடிந்துவிடும். பொறியைப் பேணுவோர் கேள்வி கேட்பவரையும் பேண வேண்டும்.