விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பவர்

புதுக்கோட்டையில் மாலை வேளையில் எந்த மைதானத்தின் ஓரமாகப் போனாலும் ஒரு வேடிக்கையைக் காணலாம். மட்டை பிடிக்க எல்லாப் பையன்களும் முண்டியடிப்பார்கள். பந்து வீசுவதற்கும் சண்டை நடக்கும். விக்கெட்டுக்குப் பின்னால் நிற்க மட்டும் ஆள் அகப்படாது. கடைசியில் ஒரு பொடியனையோ, ஓடமாட்டாத ஒரு தடியனையோ பிடித்து அங்கே நிறுத்திவிடுவார்கள். இது பெரிய அநியாயம் என்பது நமது அபிப்பிராயம்.

2016-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 23-ந் தேதி பெங்களூரில், இருபது ஓவர் உலகக் கோப்பைப் பந்தயத்தில் இந்தியாவும் வங்காள தேசமும் மோதின. இந்தியா எடுத்தது 146 ஓட்டம். கடைசி ஓவரில் வங்காள தேசத்துக்கு வேண்டியது 11. முஷ்பிகுர் ரஹீம் அடுத்தடுத்து இரண்டு பௌண்டரி அடித்ததும், மூன்று பந்தில் இரண்டு ஓட்டம் போதும் என்ற நிலை வந்துவிட்டது. நம்மவர்களில் பலர் அப்போதே பாயை விரித்துப் படுத்திருப்பார்கள். ஆனால் முஷ்பிகுரும், அவருக்குப் பின் மஹ்முதுல்லாவும், ஒரே அடியில் ஜயிக்க ஆசைப்பட்டுப் பந்தைத் தூக்கி அடித்துக் காட்ச் கொடுத்துவிட்டார்கள். பாக்கி ஒரு பந்து. இரண்டு ஓட்டம் எடுத்தால் அவர்களுக்கு ஜயம். ஒன்று எடுத்தால் சமம்.

விக்கெட் கீப்பரும் தலைவருமான தோனி, அந்தப் பந்துக்கு முன் தமது வலக்கை உறையைக் கழற்றிவிட்டார். மெத்தை வைத்துத் தைத்த அந்த உறை பந்தைப் பிடிக்கத்தான் ஏற்றது, எறிவதற்கு இடைஞ்சல். மட்டையில் பந்து படாவிட்டாலும் ஓடத்தான் போகிறார்கள் என்று அவர் முன்கூட்டியே ஊகித்திருந்தார். அப்படியே நடந்தது. ஹார்திக் பாண்டியா வீசிய பந்து சுவாகத ஹோமின் மட்டையில் படாமல் தோனியின் கைக்கு வந்தது. எதிர் முனையிலிருந்து முஸ்தாபிசுர் ரஹ்மான் பாய்ந்து வருகிறார். எறிவதா, ஓடுவதா?

எறிந்தால் பந்து சீக்கிரம் போகும், வாஸ்தவம். ஆனால் குறி தப்பினால் அது எங்கேயோ உருண்டு, ஓர் ஓட்டம் இரண்டாகி, ஆட்டமே கைவிட்டுப் போகலாம். ஓடினால் குறி தப்பாது. ஆனால் முப்பத்து நான்கு வயதுக்காரர் இருபது வயது வாலிபரை முந்தியாக வேண்டும். எறிவதற்கென்றே உறையைக் கழற்றி வைத்திருந்த மனிதர் எறியவில்லை, ஓடினார்! ஓடி ஸ்டம்பைத் தகர்த்தார். டெலிவிஷன் நடுவர் படத்தைப் பார்த்து, முஸ்தாபிசுர் அவுட் என்று தீர்ப்பளித்தார். இந்தியாவுக்கு ஒரே ஓட்டத்தில் வெற்றி. தாம் போட்ட திட்டத்தைத் தாமே ஒரு க்ஷணத்தில் கைவிட்டாரே, அதைத்தான் நாம் பெரிதாக மதிக்கிறோம். வாடிவாசல்களுக்குப் பேர்போன நமது ஜில்லாவில் இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. காளை வெளியே பாயும்போது யோசித்துக்கொண்டு நிற்பவன் கதி என்னவென்று எல்லாருக்கும் தெரியும்.

அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்திலும் மட்டைக்காரருக்குப் பின்னால் இப்படி ஒருவர் குந்தியிருப்பார். 1941-ஆம் வருஷம் அக்டோபர் 5-ந் தேதி புரூக்ளின் கட்சி 4-3 என்று முன்னணியில் இருந்தது. எதிர்க்கட்சியான நியூயார்க் யாங்கீஸின் கடைசி மட்டைக்காரர் ஹென்ரிக் மூன்றாம் முறையும் பந்தைத் தவறவிட்டார். பின்னால் இருந்த மிக்கி ஓவன் அதைப் பிடித்திருந்தால் ஆட்டம் அதோடு முடிந்தது. பிடிபடாமல் பந்து உருண்டது; ஹென்ரிக் ஓடித் தப்பினார்; யாங்கீஸ் மேலும் நான்கு ஓட்டம் சேர்த்து 7-4 என்று ஜயித்தார்கள்.

நம் ஊர்ப் பொடியனுக்குக் கையுறையைக் கழற்றும் யோசனையே வராது, இருந்தால்தானே கழற்ற! அடுத்த பொங்கலுக்குப் பிள்ளைக்கு மட்டை வாங்க உத்தேசித்திருக்கும் பெற்றோர்கள், கூடவே ஒரு ஜோடி உறையும் வாங்கிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.