சக்கர நாற்காலிக்கும் ஒரு காட்டுவழி வேண்டும்

ஆய்க்குடியில் சற்றே திறந்த வெளியில் நின்று மேற்கே நோக்கினால் மலை தெரியும். ஆனி, ஆடி மாதங்களில் மேகம் அதன் தோளில் இறங்க, சாரல் நம் முற்றம் வரை வந்துவிடுகிறது. அந்த மலையடிவாரம் இங்கிருந்து ஏறத்தாழ 12 கி.மீ. தொலைவுதான். ஆயினும், வாரக்கணக்கில் சிகிச்சையில் இருப்போருக்கும் அவர்களுக்குத் துணையிருப்போருக்கும் அது சன்னல் வழியே காணும் காட்சியாகவே நின்றுவிடுகிறது. "நம்மால் அங்கெல்லாம் போக இயலுமா?" என்று கேட்டு, தாமே இல்லையென்று விடையும் சொல்லிக்கொள்கின்றனர். அந்த விடையில் பாதிதான் உண்மை என்பது என் கருத்து.

காடு என்றவுடன் செண்பகாதேவியும் தேனருவியும் நினைவுக்கு வருகின்றன. அவை செங்குத்தான பாறைவழிகள். வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளவை. குற்றால மலைப்பகுதி நெல்லை வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது. அங்கு நினைத்தவுடன் நுழைய முடியாதபடி வைத்திருப்பது சரியே. அதை நான் குறை கூறவில்லை. ஆனால் மலையின் உள்ளகம் மட்டுமே காடு அன்று. நோயாளிக்கு வேண்டியது சிகரமும் அன்று. மர நிழல், ஈரக் காற்று, நீரோசை, அரை மணி நேர அமைதி ஆகியவையே.

இதனை வெறும் ஆசையென்று ஒதுக்கவும் இயலாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றோரை ஆராய்ந்து, ரோஜர் உல்ரிச் 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேரையும், செங்கற்சுவரை மட்டுமே கண்ட 23 பேரையும் அவர் ஒப்பிட்டார். மரங்களைக் கண்டோர் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர்; அவர்களுக்குக் கடுமையான வலிநீக்கி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான், மரம் மருந்துக்கு மாற்று என்று அது சொல்லவில்லை. சன்னலில் தெரிந்த மரமே அவ்வளவு செய்யுமாயின், அதன் கீழ் அமர்வது வீண்போகாது என்று கருதலாம் அல்லவா?

அருகில் என்ன இருக்கிறது? முதலில் நம் ஊரே. பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலை ஒட்டிய அனுமன் நதிக்கரை காலை வேளையில் அமர்வதற்கு ஏற்றது. குற்றாலநாதர் கோயிலுக்குச் செல்வோர் அங்குத் தலமரமான குறும்பலாவைக் காணாமல் திரும்ப வேண்டாம். ஒரு மரத்தையே இறைவடிவமாக வணங்கிய ஊர் அது. ஐந்தருவிப் பக்கத்தில் சுற்றுச்சூழல் பூங்கா இருக்கிறது. செங்கோட்டையை அடுத்த குண்டாறு அணைப் பகுதிக்கு வாகனத்தில் செல்லலாம். வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தாலே மலைக்காற்று மடியில் வந்து விழும்.

நடக்கவே இயலாதவருக்கு நான் பரிந்துரைப்பது செங்கோட்டை – புனலூர் ரயில் பாதையை. 1904இல் திறக்கப்பட்ட பழம்பாதை அது. அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2018இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. பகவதிபுரம் கடந்ததும் குகை. அப்பால் ஆரியங்காவு, தென்மலை என்று இருபுறமும் பசுமை. கழுதுருட்டி அருகே பதின்மூன்று கண் பாலம். அமர்ந்த இடத்திலிருந்தே காட்டைக் கடக்கலாம். பெட்டியில் ஏறுவதுதான் கடினம். தூக்கி விட இருவரேனும் உடன் இருத்தல் வேண்டும்.

இங்குதான் என் மனக்குறை தொடங்குகிறது. ஏன் எப்போதும் தூக்கிவிட இருவர் தேவைப்பட வேண்டும்? சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்கென 263 மீட்டர் நீள மரப்பாதை அமைக்கப்பட்டது. சில நாட்களிலேயே புயல் அதைச் சேதப்படுத்தியது. செப்பனிட்டு மீண்டும் திறந்தனர். மணலிலேயே சக்கரம் உருளுமானால் மலையடிவாரத்தில் உருளாதா? சரணாலயத்தினுள் ஒரு கல்லையும் பெயர்க்க வேண்டியதில்லை. ஏற்கெனவே மனிதர் நடமாடும் பூங்காவிலோ அணைக்கரையிலோ, 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் ஏறாத ஒரு பாதை, இடையிடையே நிழலில் நிறுத்துமிடம், அகலக் கதவுள்ள கழிப்பறை. இவ்வளவே. பொழுதுபோக்கிடங்களிலும் சம வாய்ப்பு வேண்டுமென்பதை மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 ஏற்றுக்கொண்டுள்ளது. அமர் சேவா சங்கம் 1981 முதல் இயங்கிவரும் ஊர் நம்முடையது. சக்கர நாற்காலியில் ஒருவர் தெருவில் செல்வதை இங்கு யாரும் வியந்து நோக்குவதில்லை. இக்கோரிக்கையை எழுப்ப இதைவிடத் தகுந்த ஊர் எது?

பாதை வரும்வரை செல்ல விரும்புவோர், முதலில் தம் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். அருவியில் நிற்பது நான் சொல்லும் உலாவில் அடங்காது. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்ததை நாம் அறிவோம். விரைந்து விலக முடியாதவர் நீரருகே செல்லவே வேண்டாம். வலிப்பு நோயுள்ளோருக்கும், ஆறாத புண்ணோ மூச்சுக்குழாய்த் துளையோ உள்ளோருக்கும் இது பொருந்தும். முதுகுத்தண்டுப் பாதிப்புடையோருக்கு உணர்வற்ற காலில் முள் தைத்தாலும் சுடுகல் பட்டாலும் தெரியாது. திரும்பியவுடன் துணையிருப்போர் பாதங்களைப் பார்க்க வேண்டும். கழுத்துப் பகுதியில் பாதிப்புள்ளோரின் உடல் வெப்பத்தைச் சீராக்கிக்கொள்ளாது. ஆகவே நண்பகலைத் தவிர்க்க வேண்டும். சாய்ந்தும் உடலைத் தூக்கியும் அழுத்தம் மாற்றுவதை அங்கும் மறக்கலாகாது.

துணையிருப்போருக்கும் ஒரு சொல். மாதக்கணக்கில் தாழ்வாரத்துப் பலகையில் உறங்கும் தாய்க்கோ மனைவிக்கோ "நீங்கள் சற்று வெளியே போய் வாருங்கள்" என்று யாரும் எழுதித் தருவதில்லை. இருவரும் சேர்ந்து செல்ல இயலாத நாளில், வேறொருவரைக் கட்டிலருகே அமர்த்திவிட்டு அவர் மட்டுமேனும் சென்று வரட்டும். அருவிக்கரைக் கூட்டம் சேருமுன், வார நாளின் காலை ஏழு மணியளவில் புறப்படுவது நல்லது.