காத்து சிலிண்டரை ஏன்யா கழட்டுறீங்க?

'நியூமேட்டிக் பழசு சார், எல்லாத்தையும் எலக்ட்ரிக் ஆக்சுவேட்டரா மாத்திடுங்க'. எந்த சேல்ஸ்காரரைப் பார்த்தாலும் இதே பாட்டு. ஏன்னு கேட்டா கரண்ட் பில்லாம்.

பாதி உண்மைதான். கம்ப்ரஸர் தின்கிற மின்சாரத்துல பெரும்பகுதி வெறும் சூடாத்தான் போகுது. சில ஆலைகள்ல 20 முதல் 30 சதவீத காத்து லீக்கேஜ்லயே போயிடுதுன்னு அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லுது. சரி, அதுக்கு மருந்து என்ன? சோப்புத் தண்ணியும் ஒரு ஸ்பேனரும்! குழாய் ஒழுகுதுன்னு வீட்டையே மாத்துவாங்களா?

நடுவுல நாலு இடத்துல கரெக்டா நிறுத்தணும், நாள் முழுக்க ஓடிக்கிட்டே இருக்கணும்னா எலக்ட்ரிக்தான், மறுபேச்சே இல்ல. ஆனா ஜாப்பை அமுக்கிப் பிடிக்கிற கிளாம்ப்புக்கு? 32 மி.மீ. சிலிண்டர் 6 பார்ல ஏறக்குறைய 480 நியூட்டன் கொடுக்கும். லீக் இல்லேன்னா பிடிச்சிக்கிட்டு நிக்க புதுசா காத்தே வேண்டாம். பால் ஸ்க்ரூ வச்ச சர்வோ, பிரேக் இல்லேன்னா, சும்மா பிடிச்சிட்டு நிக்கவே கரண்ட் இழுக்கும்.

சீல் தேஞ்சா பட்டறை ஃபிட்டரே கிட் வாங்கிப் போட்டு ஓட்டிடுவார். டிரைவ் போச்சுன்னா கம்பெனி ஆள் வர்ற வரைக்கும் லைன் படுத்துக்கும். அந்த நாள் கூலியை எந்தக் கொட்டேஷன்ல சேர்த்திருக்காங்க? (கோட் எழுதிப் பிழைக்கிறவன் நான், எல்லாம் மென்பொருளானா எனக்கு லாபம்தான் :-))

பாதி மாத்தினா கம்ப்ரஸரும் ஓடும், டிரைவும் ஓடும். அடுத்த தடவை வந்தா, ராத்திரி மெஷினெல்லாம் நிறுத்தின பிறகு கம்ப்ரஸர் எத்தனை தடவை லோடு எடுக்குதுன்னு எண்ணிட்டு வரச் சொல்லுங்க.