கன்னம் ஒட்டிப்போனால் ஃபில்லர் ஊசி தீர்வா? போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"என்ன இப்படி இளைச்சுப் போயிட்டீங்க, உடம்புக்கு ஏதாவதா?" எடை குறைப்பு ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. மௌன்ஜாரோ 2025 மார்ச் மாதத்திலும், வெகோவி அதே ஆண்டு ஜூன் மாதத்திலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. வயிறு குறைவது சந்தோஷம்தான். ஆனால், கூடவே கன்னமும் ஒட்டிப்போகிறது. அமெரிக்காவில் இதற்கு 'ஒசெம்பிக் முகம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

எந்த மருந்தும் எடுக்காதவர்களுக்கும் 40, 50 வயதைத் தாண்டும்போது இதே மாற்றம் மெதுவாக நடக்கிறது. இரு தரப்புக்கும் அழகு சிகிச்சை மையங்கள் சொல்லும் வழி பெரும்பாலும் ஒன்றுதான்: ஃபில்லர் ஊசி. 'அரை மணி நேரத்தில் முடிஞ்சிடும்' என்று விளம்பரம் செய்யப்படும் இந்த ஊசி உண்மையில் என்ன செய்கிறது? அதை யார் போட வேண்டும்?

வயசானா முகம் ஏன் வற்றிப்போகிறது?

முதுமை என்றால் தோல் சுருக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரிய மாற்றம் நடப்பது தோலுக்கு அடியில். முகத்தில் உள்ள கொழுப்பு ஒரே படலமாக இல்லை, தனித்தனி அறைகளாகப் பிரிந்து இருக்கிறது என்பதை அமெரிக்க மருத்துவர்கள் ராட் ரோரிச், ஜோயல் பெஸ்ஸா ஆகியோர் 2007ல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினர். வயது ஏற ஏற, கன்னத்தின் ஆழத்தில் இருக்கும் கொழுப்பு அறைகள் சுருங்குகின்றன.

எலும்பும் மாறுகிறது. கண் குழி அகலமாகிறது, மேல்தாடை எலும்பு பின்வாங்குகிறது. தோலை உறுதியாக வைத்திருக்கும் கொலாஜனும் குறைகிறது. பந்தக்கால் இறங்கினால் மேலே கட்டிய துணி தொங்கும் இல்லையா? முகத்திலும் அதுதான் நடக்கிறது.

எடை வேகமாகக் குறையும்போது பல ஆண்டுகளில் கரைய வேண்டிய கொழுப்பு சில மாதங்களிலேயே கரைந்துவிடுகிறது. தோலால் அந்த வேகத்துக்குச் சுருங்க முடிவதில்லை.

போடாக்ஸ் வேறு, ஃபில்லர் வேறு

இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். போடாக்ஸ், தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தி நெற்றிச் சுருக்கத்தைக் குறைக்கும் மருந்து. அது எதையும் நிரப்பாது. ஃபில்லர், பெயருக்கு ஏற்றபடி, குழிந்த இடத்தை நிரப்பும் பொருள். அதில் பல வகை உண்டு.

ஹையலுரானிக் அமிலம்: நம் உடலில் இயற்கையாகவே இருக்கும் பொருளின் ஜெல் வடிவம். பலன் உடனே தெரியும். பொதுவாக 6 முதல் 18 மாதங்கள் வரை நிற்கும். தவறு நடந்தால் ஹையலுரானிடேஸ் என்ற மருந்தைச் செலுத்திக் கரைக்கலாம் என்பதுதான் இதன் பெரிய பலம்.

கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட்: எலும்பில் உள்ள தாதுவைப் போன்றது. ஓராண்டு அல்லது அதற்கு மேலும் நிற்கும். ஆனால், இதைக் கரைக்க அப்படி ஒரு மாற்று மருந்து கிடையாது.

பாலி எல் லாக்டிக் அமிலம்: உடனே நிரப்பாது, கொலாஜன் உருவாவதைத் தூண்டும். எச்ஐவி பாதிப்பால் கன்னம் வற்றியவர்களுக்காகத்தான் இதை அமெரிக்காவின் எஃப்டிஏ 2004ல் முதலில் அனுமதித்தது.

சொந்தக் கொழுப்பு: வயிறு, தொடையில் இருந்து எடுத்து முகத்தில் செலுத்துவது. இதில் ஒரு பகுதியை உடல் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும்.

எதைப் போட்டாலும் முதுமை நிற்காது. பலன் குறையும்போது மறுபடியும் போட வேண்டும், மறுபடியும் செலவு. பழையது முழுதாகக் கரைவதற்குள் புதியதைப் போட்டுக்கொண்டே போனால் முகம் ஊதிப்போய் இயல்பு கெட்டுவிடும்.

கண் பார்வை வரை போகும் ஆபத்து

வீக்கம், சிராய்ப்பு போல ரத்தம் கட்டுதல் ஆகியவை சாதாரணம், சில நாட்களில் சரியாகிவிடும். அரிதாக நடக்கும், ஆனால் மோசமான ஆபத்து வேறு. ஊசி தவறி ரத்தக் குழாய்க்குள் இறங்கினால் ஜெல் அங்கே அடைத்துக்கொள்ளும். ரத்தம் கிடைக்காத தோல் அழுகக்கூடும். மூக்கு, புருவங்களுக்கு நடுப்பகுதி, நெற்றி ஆகிய இடங்களின் ரத்தக் குழாய்கள் கண்ணுக்குச் செல்லும் குழாயோடு தொடர்புள்ளவை. அந்த வழியாக ஜெல் போனால் பார்வையே பறிபோகலாம். பெரும்பாலும் அது திரும்புவதில்லை. எஃப்டிஏ 2015லேயே இதுபற்றி எச்சரித்தது.

ஊசி போட்டதும் தோல் வெளிறிப்போவது, தாங்க முடியாத வலி, நீலம் பாய்ந்த திட்டுகள், பார்வை மங்கல் ஆகியவை அபாய அறிகுறிகள். 'வீட்டுக்குப் போய் ஐஸ் வைங்க' என்று அனுப்பிவிடும் விஷயம் இல்லை இது. ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

பிரிட்டன் பிடியை இறுக்குவது ஏன்?

இந்தச் சிகிச்சைகளைச் சந்தையின் போக்கில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து ஓர் உதாரணம். அறுவை சிகிச்சை இல்லாத அழகு சிகிச்சை செய்துகொள்பவருக்கு, ஒரு பால்பாயிண்ட் பேனா வாங்குபவருக்கு இருப்பதைவிட அதிகப் பாதுகாப்பு இல்லை என்று 2013ல் அரசுக்கு அளிக்கப்பட்ட கியோ அறிக்கை சாடியது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அழகுக்காக ஃபில்லர் போடுவது அங்கே குற்றமானதே 2021 அக்டோபரில்தான். அழகு சிகிச்சைகளுக்கு உரிமம் கட்டாயமாக்கும் திட்டத்தை 2025 ஆகஸ்டில் அரசு அறிவித்தது.

இந்தியாவில் நிலை என்ன?

யூடியூப் பார்த்தோ, பயிலரங்குகளில் வேடிக்கை பார்த்தோ அழகு சிகிச்சை செய்யத் தொடங்குவது போதுமான பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால், பியூட்டி பார்லரின் உள்ளறையில் ஊசி போடுபவர் டாக்டரா, குறுகிய காலப் பயிற்சி முடித்தவரா என்பதை வாடிக்கையாளர் கேட்டால்தான் தெரியும். வெள்ளை கோட் போட்டிருந்தால் போதாது.

போடும் முன் கேட்க வேண்டியவை

ஊசி போடுபவரின் பதிவு எண் என்ன? இந்திய மருத்துவப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம்.

போடப்போகும் பொருள் எது? அதைக் கரைக்க முடியுமா? சீல் பிரிக்காத பெட்டியைக் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பேட்ச் எண், காலாவதி தேதியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடைப்பு ஏற்பட்டால் செலுத்த ஹையலுரானிடேஸ் அங்கேயே கைவசம் இருக்கிறதா?

எடை குறைப்பு ஊசி எடுப்பவர்கள் எடை ஒரு நிலைக்கு வரும் வரை காத்திருப்பது நல்லது. இன்று நிரப்பிய கன்னம், அடுத்த ஐந்து கிலோ குறையும்போது மறுபடியும் குழியலாம்.

இவற்றில் ஒரு கேள்விக்குக்கூட நேரடியான பதில் வரவில்லையா? தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும் எழுந்து வந்துவிடுவதே பாதுகாப்பு. ஒட்டிய கன்னம் உயிரை வாங்காது. தவறான கையில் இருக்கும் ஊசி பார்வையை வாங்கிவிடும்.