கரி போகும், கூலிக்காரன் எங்கே போவான்?

விழுப்புரம் சந்திப்பில் இறங்கி நின்றால் ஐந்து திக்கிலும் தண்டவாளம் ஓடுகிறது. சென்னைக்கு ஒன்று, விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு ஒன்று, கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கு ஒன்று, புதுவைக்கு ஒன்று, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒன்று. தலைக்குமேல் மின்கம்பி. புகை இல்லை, கரி இல்லை. வெள்ளைச் சட்டையோடு வண்டியேறியவர் வெள்ளைச் சட்டையோடே இறங்குகிறார். நல்ல காரியந்தான்! வேண்டாமென்று சொல்வார் எவருமில்லை, நாமும் சொல்லவில்லை.

ஆனால் அந்த வெள்ளைக்கு விலை கொடுத்தவர் யார் என்பது மட்டும் அந்த நிலையத்தின் எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை. அதைப்பற்றித்தான் இன்று தோழர்களோடு பேச விரும்புகிறோம்.

1960களின் நடுவிலே தாம்பரத்திலிருந்து கிளம்பிய மின்கம்பி, செங்கற்பட்டைத் தாண்டி, திண்டிவனத்தைத் தாண்டி, விழுப்புரம் வந்ததும் நின்றுவிட்டது. மீட்டர் கேஜ் பாதையிலே 25,000 வோல்ட் மாறுமின்சாரம் ஓடியது இந்தியா முழுவதிலும் இந்த ஒரு பாதையில்தான். இஞ்சின்கள் ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்தன. திண்டிவனத்தார் மின்சார வண்டியைக் கண்டு மகிழ்ந்தனர். விழுப்புரத்திலோ வேறு காட்சி! சென்னையிலிருந்து மின்சார இஞ்சின் இழுத்துவந்த வண்டி அங்கே நிற்கும். அதைக் கழற்றுவார்கள். புகை கக்கும் கறுப்பு இஞ்சின் பின்னோக்கி வந்து பூட்டிக்கொள்ளும். பிறகுதான் தெற்கே பயணம். மின்சாரம் முடியும் இடமும் அதுவே; கரி தொடங்கும் இடமும் அதுவே. மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று நாற்பது கிலோமீட்டருக்குள் அடங்குகிற இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு யுகமே குறுக்கே படுத்துக்கிடந்தது.

நாம் கண்ணால் கண்டதல்ல. கண்டவர் சொல்லக் கேட்டது. நீராவி இஞ்சினுக்கு வயிறு பெரிது. டிரைவர் ஒருவரும் பயர்மேன்களும் வண்டியில் போவார்கள். அவர்களைப் பயணிகள் பார்ப்பார்கள், பிள்ளைகள் கையசைப்பார்கள். பார்க்கப்படாதவர்கள் ஷெட்டிலே இருந்தார்கள். காலையில் கிளம்பும் இஞ்சினுக்கு இரவே தீ மூட்டி நீராவி ஏற்ற வேண்டும். கரியைக் கூடையிலே சுமந்து மேடையேற்ற வேண்டும். ஓடிக் களைத்துவந்த இஞ்சினின் வயிற்றிலிருந்து நெருப்பை இழுத்துத் தள்ள வேண்டும், குழாய்களிலே படிந்த கரியைச் சுரண்ட வேண்டும், சாம்பற் குழியை வார வேண்டும். குழிக்கு அப்பால் பெண்கள் காத்திருப்பார்கள், சாம்பலிலே எரியாமல் மிஞ்சிய கரித்துண்டைப் பொறுக்குவதற்கு. ஆண்டவன் பெயரால் அன்னதானம் நடக்கிற நாட்டிலே, அந்தப் பெண்களின் அடுப்பு எரிந்தது இஞ்சின் துப்பிய எச்சிலால்!

அந்த ஷெட்டிலும் ஒரு வருணாசிரமம் இருந்தது. மேலே நிரந்தர ஊழியர்: பதிவேட்டிலே பெயர், மாதச் சம்பளம், பிராவிடண்டு பண்டு, பாஸ். அதற்குக் கீழே தற்காலிகக் கூலி: இன்று உண்டு, நாளை இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே ஒப்பந்தக்காரரின் ஆள். கரி இறக்குவதும் சாம்பல் அள்ளுவதும் பல ஷெட்டுகளிலே ஒப்பந்தத்துக்கு விடப்பட்ட வேலை. கரியை அதிகம் தொட்டவன் எவனோ, அவன் பெயரை இரயில்வே அறியாது. மேஸ்திரிக்கு மட்டும் தெரியும். அதுவும் பட்டப்பெயர்தான் தெரியும்.

டீசல் வந்தது. 1990களிலே நீராவி விடைபெற்றது. இந்தியாவின் அகலப்பாதையிலே கடைசி நீராவி வண்டி 1995 டிசம்பரில் ஓடி முடிந்தது. நிரந்தர ஊழியர்க்கு வழி செய்தார்கள். பயிற்சியிலே தேறிய பயர்மேன் டீசல் உதவியாளரானார். மற்றவர்க்கு வேறு வேலை கிடைத்தது. இதை இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் கூடை சுமந்தவன்? சாம்பற் குழியிலே இறங்கியவன்? அவனுக்கு வேலைநீக்க உத்தரவுகூட வரவில்லை! வேலையிலே சேர்த்ததாக எந்தத் தாளும் இல்லாதபோது, நீக்குவதற்கு எதற்குத் தாள்? "நாளைக்கு வராதே." அத்தோடு சரி.

தற்காலிகக் கூலிகளில் ஒரு பிரிவினருக்கு மட்டும் உச்சநீதிமன்றத்திலே வழி பிறந்தது. இந்தர்பால் யாதவ் வழக்கிலே 1985இல் வந்த தீர்ப்பு, இரயில்வேயின் கட்டுமானத் திட்டங்களில் 360 நாட்கள் தொடர்ந்து உழைத்தவர்க்குத் தற்காலிக ஊழியர் என்ற தகுதியைத் தந்தது. பிறகு படிப்படியாக நிரந்தரம். பெரிய வெற்றி அது. அந்த வெற்றியிலும் பங்கு கேட்க ஒரு சீட்டு வேண்டும். எத்தனை நாள், எந்த இடம், எவரிடம் உழைத்தாய் என்று காட்டும் அட்டை வேண்டும். அட்டை வைத்திருந்தவன் உள்ளே வந்தான்; கறையான் தின்னக் கொடுத்தவனும், ஒப்பந்தக்காரரிடம் அட்டையே வாங்காதவனும் வாசலிலே நின்றார்கள். இந்த அட்டை விஷயத்தைத் தோழர்கள் மறவாதிருக்க வேண்டும், மீண்டும் வருவோம்.

புதுமை வரும்போதெல்லாம் பாட்டாளியின் வயிற்றிலே கைவைப்பது நமது இரயில்வேக்குப் பழைய பாடம். 1928இலே தென்னிந்திய இரயில்வேக் கம்பெனி என்ன செய்தது? நாகப்பட்டினம், போத்தனூர்ப் பட்டறைகளைப் பொன்மலையிலே ஒன்று சேர்ப்போம் என்றது. சேர்க்கிற சாக்கிலே, திறமைச் சோதனை என்ற பெயரால் ஆயிரக்கணக்கானோரைக் கழிக்கத் துணிந்தது. பல ஆண்டு சம்மட்டி பிடித்த கைக்குப் பரீட்சை! அவ்வாண்டு ஜூலையிலே வேலைநிறுத்தம் வெடித்தது. சிங்காரவேலர் சிறை புகுந்தார். அறுபது வயதைத் தாண்டிய பெருமகனுக்குப் பத்தாண்டுத் தண்டனை விதித்தது வெள்ளையன் நீதிமன்றம். மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. அன்றைய தொழிலாளி இயந்திரத்தை எதிர்க்கவில்லை. இயந்திரம் வருமுன் எங்கள் கணக்கைப் பேசு என்றுதான் கேட்டான்.

"பழங்கதை ஏனய்யா இப்போது?" என்று கேட்பீர்கள். கடல் கடந்து ஒரு சேதியைப் பாருங்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலே, மலைகளுக்கு நடுவே எர்வின் என்று ஒரு சிற்றூர். கெண்டக்கிச் சுரங்கத்துக் கரி தெற்கே போகும் பாதையில், இரயிலாலேயே வளர்ந்த ஊர். அங்கே சிஎஸ்எக்ஸ் கம்பெனியின் இரயில் முற்றம் இருந்தது. மின்நிலையங்கள் மலிவான எரிவாயுவுக்கு மாறின, கரி வண்டிகள் குறைந்தன. 2015 அக்டோபரில் அறிவிப்பு வந்தது: முற்றம் மூடல், ஏறத்தாழ 300 பேருக்கு வேலை இல்லை. அதே ஆண்டில் கெண்டக்கியின் கார்பின் ஊரிலும் பட்டறையிலே ஆட்குறைப்பு. பிரிட்டனிலோ, நீராவி இஞ்சினைப் பெற்றெடுத்த அந்த நாட்டிலேயே, கடைசிக் கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது. கரிக்கு அங்கே கருமாதி முடிந்துவிட்டது!

இங்கே அந்த நிலை வரவில்லை. இல்லாத பூச்சாண்டியைக் காட்டுவது நமது வேலையல்ல. இந்திய இரயில்வே ஏற்றும் கரி இன்றும் ஏறிக்கொண்டுதான் வந்திருக்கிறது. 2023-24ஆம் ஆண்டிலே ஏற்றிய சரக்கு ஏறத்தாழ 159 கோடி டன். அதிலே ஏறத்தாழ 79 கோடி டன் நிலக்கரி. பாதி! விழுப்புரத்து மின்கம்பியிலே ஓடுவதும் பெரும்பகுதி எங்கோ எரிந்த கரிதான். கரி ஊரை விட்டுப் போய்விட்டதென்று நினைத்தோம். கம்பி வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

அந்தப் பாதி என்ன செய்கிறது தெரியுமா? உங்கள் பையிலே கிடக்கும் பழைய முன்பதிவுச் சீட்டை எடுத்துப் பாருங்கள். பயணச் செலவிலே நூற்றுக்கு 57 மட்டுமே இரயில்வே வசூலிக்கிறது என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். ஏதோ தர்மம் செய்வதுபோல! மிச்சம் 43ஐ யார் கொடுக்கிறார்? டில்லியிலே இருக்கும் எந்தப் பிரபுவும் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை. சரக்குக் கட்டணம் கொடுக்கிறது. சரக்கிலே பாதி கரி. கரிக்கு வாங்கிய கட்டணம் மின்சாரத்தின் விலையிலே ஏறுகிறது. ஆக, திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகும் கொத்தனார், இரயிலிலே சலுகை பெற்றவராகத் தோன்றுகிறார். அந்தச் சலுகையின் ஒரு பங்கை மளிகைக்கடையிலும் மாவு மில்லிலும் மின்சாரத்தின் விலையாகத் தாமே கட்டிக்கொண்டிருக்கிறார்.

இனி எண்ணிப்பாருங்கள். 2070க்குள் கரிப்புகையைச் சமன்செய்து சுழியமாக்குவோம் என்று 2021இலே கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா உறுதி கூறியிருக்கிறது. காற்றும் கதிரவனும் மின்சாரம் தரும் மாநிலங்களிலே தமிழகம் முன்வரிசையில் நிற்கிறது. எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் 2017 மார்ச்சிலேயே கதவடைத்தது. பத்தாண்டோ, இருபதாண்டோ, கரி வண்டி குறையத்தான் போகிறது. குறையும் நாளிலே அந்த 43ஐ யார் தலையில் வைப்பார்கள்? கட்டணத்தை ஏற்றலாம், அல்லது "ஆதாயமில்லை" என்று பயணிகள் வண்டியை நிறுத்தலாம். மூன்றாவது வழி அவர்கள் ஏட்டிலே இருப்பதாகத் தெரியவில்லை.

இது நமது கற்பனை அல்ல, தோழர்களே! ஒத்திகை நடந்தாகிவிட்டது. கொரோனாக் காலத்திலே 2020இல் நிறுத்திய பாசஞ்சர் வண்டிகளைத் திரும்ப விட்டபோது, "எக்ஸ்பிரஸ்" என்று ஞானஸ்நானம் செய்து விட்டார்கள். அதே பெட்டி, அதே நிறுத்தம், அதே வேகம். பத்து ரூபாய்க் குறைந்தபட்சக் கட்டணம் மட்டும் முப்பது ரூபாய்! பழைய கட்டணம் திரும்பியது 2024 பிப்ரவரியிலே. தேர்தல் ஆண்டு என்பதைச் சொல்லவேண்டுமா? 2022 ஏப்ரலிலே இன்னொரு வேடிக்கை. மின்நிலையங்களிலே கரி தீர்ந்தது. கரி வண்டிக்கு வழிவிட, வட இந்தியாவிலே நூற்றுக்கணக்கான பயணிகள் வண்டி நடைகளை ரத்து செய்தார்கள். கரி மிகுந்தாலும் ஏழையின் வண்டிதான் நிற்கிறது. கரி குறைந்தாலும் அதுதான் நிற்கும்போல் இருக்கிறது.

ஆளைப் பற்றியும் ஒரு சொல். 1990-91இலே இரயில்வேயில் பதினாறரை லட்சம் பேர் இருந்தார்கள். இன்று பன்னிரண்டு லட்சம் அளவு. வண்டி குறையவில்லை, சரக்கு குறையவில்லை, ஆள் குறைந்திருக்கிறது. அந்த இடத்தையெல்லாம் காற்றா நிரப்புகிறது? ஒப்பந்தக்காரரின் ஆள் நிரப்புகிறான். பெட்டி கழுவுகிறான், சரக்கு இறக்குகிறான், பாதையோரம் ஜல்லி அள்ளுகிறான். அன்றைய கரிக்கூடைக்காரனின் பேரன். அதே மேஸ்திரி முறை.

கரிக்குப் பதில் வேறு சரக்கைத் தேடினால் இரயில்வே பிழைக்கும். பாதை போட்டால் சரக்கு வரும். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை என்று எழுபது கிலோமீட்டர் அளவில் ஒரு புதுப்பாதை, 2006-07இலே ஒப்புதல் பெற்றது. திண்டிவனத்திலிருந்து நகரிக்கு இன்னொன்று, அதே ஆண்டில். செஞ்சியின் நெல்லும் மணிலாக் கொட்டையும் இன்னும் லாரியிலேதான் போகின்றன. அன்று பிறந்த பிள்ளைக்கு இன்று வாக்குரிமை வந்துவிட்டது. செஞ்சிக்கு வண்டி வரவில்லை. 2020ஆம் ஆண்டின் இரயில்வே நிதி ஏட்டிலே தமிழகத்தின் பல புதுப்பாதைகளுக்குத் தலா ஆயிரம் ரூபாய் எழுதினார்கள். ஆயிரம் ரூபாய்! தண்டவாளத்தில் ஓர் அடிகூட வாங்க முடியுமோ என்னவோ, மாலையும் எலுமிச்சம்பழமும் வாங்கலாம். நிலம் எடுத்துத் தருவது மாநிலத்தின் பொறுப்பு. அதிலே சுணக்கம் இருந்தால் அதையும் தட்டிக் கேட்போம், நம்மவர் ஆட்சியானாலும் கேட்போம்.

நாம் டில்லியிடம் கேட்பது பிச்சையல்ல. சுரங்கம் தோண்டும் மாவட்டத்துக்கென்று கனிம அறக்கட்டளை இருக்கிறது. 2015இல் திருத்திய சட்டப்படி சுரங்கக்காரர் அதிலே பணம் கட்டுகிறார். கரியைச் சுமக்கும் இரயிலடி ஊர்களுக்கு அப்படி ஏதும் இல்லை. கரி கொழுத்த வருவாய் தரும் இன்றைக்கே, டன்னுக்கு இவ்வளவென்று ஒதுக்கி நிதி வையுங்கள். ஆதாயமில்லாக் கிளைப்பாதையை அதைக்கொண்டு காப்பாற்றுங்கள்; வேலை இழப்பவனை அதைக்கொண்டு காப்பாற்றுங்கள், ஒப்பந்தக்காரரின் ஆளையும் சேர்த்து. கரி தீர்ந்தபிறகு கணக்குப் பேச வந்தால் கல்லாவிலே சாம்பல்தான் இருக்கும்.

அதுவரை கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை உண்டு. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். சரக்கு முற்றத்திலும் பாதையோரத்திலும் ஒப்பந்தக்காரரிடம் உழைப்போரைக் கண்டு, பெயர், ஊர், எந்த ஆண்டு முதல், எவரிடம், பி.எப். எண் உண்டா, கூலிச் சீட்டு கொடுக்கிறார்களா என்று எழுதுங்கள். கொடுக்காதவரிடம் கேட்டு வாங்க வையுங்கள். வாங்கிய சீட்டைத் தகரப்பெட்டியிலே பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் விழுப்புரம் சரக்கு முற்றத்திலே தொடங்கினால், முண்டியம்பாக்கத்தையும் விக்கிரவாண்டியையும் பார்த்துக்கொண்டு, மாலை வண்டிக்குத் திண்டிவனம் போய்ச் சேரலாம்.